புள்ளிக்குப் பின்னால்

அத்தியாயம் ஏழு

மாப்பிள்ளைக்கு மூடிய அறை என்றாலே ஆகாது. லிஃப்டில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆசாமி. அவரைக் கொண்டுவந்து ஜன்னல் இல்லாத, இரும்புச் சுவர் வைத்த ஒரு சோதனைக் கூடத்துக்குள் விட்டு, அதன் ஒரே கதவுக்குக் குறுக்கே ஒரு ரோபோ வண்டியையும் நிறுத்தினால் அவர் என்னதான் செய்வார், பாவம்? ஜோக் அடித்தார்.

"அத்தை, 'வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள்'னு ஒரு போர்டு வச்சிருக்கலாம்."

அத்தை சிரிக்கவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, அதன் சக்கரத்தை செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார்.

"தள்ளிப் பாருங்க மாப்பிள்ளை."

"நானா? வீட்டுல பீரோ நகர்த்தினப்பவே உங்க பொண்ணு தனியாத்தான் நகர்த்தினா."

இருந்தாலும் தள்ளினார். மூச்சு முட்டத் தள்ளினார். வண்டி இம்மியும் அசையவில்லை.

"நகராது சார். கரண்ட் போச்சுன்னா பிரேக் தானா கவ்விக்கும்" என்றாள் குருவி. "கதவும் உள்பக்கமாத்தான் திறக்கும்."

"நல்ல சேதி சொன்னே போ" என்று மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு துப்பறியக் கிளம்பினார். வேலையை உதறிவிட்டு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் காரோட்டக் கூப்பிட்டார். காரோட்ட வந்தவர் உதவியாளராகி, பெண்ணைக் கட்டிக்கொண்டதற்கு மாமியாரையும் சேர்த்துக் கட்டி மேய்க்கிறேன் என்று ஊரெல்லாம் புலம்புவார். புலம்பினாலும் ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை.

குருவி என்பது ஆபீஸ் வைத்த பெயர். உருவம் சிறிசு, விரல்கள் கீபோர்டில் கொத்துகிற வேகம் பெரிசு. இந்த வண்டிகளுக்கு மூளையாக நிரல் எழுதுகிற புரோகிராமர் அவள்தான். போன வாரம், கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய இதே வண்டி நிற்காமல் வந்து, எதிரே நின்ற ஃபிட்டரின் வலது காலை நசுக்கிவிட்டது. அந்த ஃபிட்டர் குருவி கழுத்தில் தாலி கட்டிய புருஷன்!

போதாததற்கு, முந்தின நாள் கேன்டீனில் புருஷனும் பெண்டாட்டியும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு இவள் போனால் அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊர் வாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வேண்டுமென்றே மெஷினை ஏவிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். வழக்கும் பதிவாகிவிட்டது.

இன்ஸ்பெக்டரிடம் இருந்த அவளுடைய லேப்டாப்பை அத்தை இன்று ஒரு பகலுக்கு மன்றாடி வாங்கியிருந்தார். "அன்னிக்கு ஓடின அதே நிரலை ஏத்தி, என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டும்மா" என்றார். குருவி ஓட்டிக் காட்டினாள். வண்டி கிறுக்குப் பிடித்ததுபோல் நேரே கதவுக்குப் போய்க் குறுக்கே நின்று, விளக்கெல்லாம் அணைந்து செத்துப்போனது. அப்படித்தான் மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

கதவில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் முகம் தெரிந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர். சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"கிரேன் வந்துட்டிருக்கு. சுவரை உடைச்சு வண்டியை இழுத்துடுவோம். இந்தச் சனியனை இன்னிக்கே கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடப் போறேன். பயப்படாதீங்க!"

"வெளியே வந்ததும் அந்தப் பொண்ணு என்கூட வரணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

குருவியின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியைக் கழற்றிவிட்டால் அவள் குற்றவாளி இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"கிரேன் வர்றதுக்குள்ள நாமே இதை நகர்த்தணும்" என்றார் அத்தை. "விபத்துக்கு முன்னாடி ஒழுங்கா ஓடிச்சே, அந்த நிரலை ஏத்தேன்."

"அதையெல்லாம் மேனேஜர் அன்னிக்கே அழிக்கச் சொல்லிட்டார் அம்மா. நான் எழுதின மூல வரிகள் மட்டும்தான் இருக்கு. அதுலேர்ந்து புதுசாக் கம்பைல் பண்ணி, வண்டிக்குப் புரியற மாதிரி மாத்தணும்."

"மேனேஜர் அழிக்கச் சொன்னாராம். கேட்டுக்குங்க அத்தை" என்று மாப்பிள்ளை புருவத்தைத் தூக்கினார். அவர் மனசில் கேஸ் அப்போதே முடிந்துவிட்டது.

குருவி லேப்டாப்பிலிருந்து வண்டிக்குக் கேபிளைச் செருகி, கம்பைல் போட்டாள். திரையில் வரிகள் மேலே மேலே ஓடின. ஒரு பிழை கூட இல்லை. வண்டியில் ஏற்றினாள். விளக்குகள் மினுக்கென்று எரிந்தன. உடனே அணைந்தன.

"சேர்க்கும்போது எல்லாம் சரிங்குது, ஓட்டும்போது சாகுது" என்றாள் குருவி.

"கல்யாணத்துல பிரச்சனையே இல்லை, குடித்தனத்துலதான் தகராறுங்கறே" என்றார் மாப்பிள்ளை.

அத்தை சட்டென்று திரும்பினார். "நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை. யாருக்கும் யாருக்கும் கல்யாணம்? எதோட எதைச் சேர்க்கறேம்மா?"

"நான் எழுதினதை ஒரு லைப்ரரியோட சேர்க்கறேன். வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் நிரல். தூரம், வேகம், திரும்பற கோணம் எல்லாம் அதுதான் கணக்குப் போடும். பழைய பதிப்புல ஒரு பிழை இருந்தது. அதனால புதுசை இறக்கி மாத்தினேன். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். இதோ பாருங்க, 'புதுப் பதிப்பு கிடைத்தது'ன்னு கம்ப்யூட்டரே சொல்லுது."

"எதைப் பார்த்துச் சொல்லுது?"

"லைப்ரரியோட ஒரு குறிப்புக் கோப்பு வரும். என்னென்ன எப்படி அடுக்கியிருக்குன்னு அதுல எழுதியிருக்கும். அதைப் படிச்சுட்டுச் சொல்லுது."

அத்தை இடுப்பில் கையை வைத்தார். சர்வேயர் காலத்தில் தீப்பிடித்த கிடங்குகளைப் பார்த்துக்கொண்டு இப்படித்தான் நிற்பாராம்.

"பாட்டில் மேல ஒட்டின லேபிளைப் படிச்சுட்டு உள்ள தேன்தான் இருக்குங்குது. உள்ள இருக்கறதை நேரா விசாரிக்க முடியாதா?"

குருவி ஒரு கணம் விழித்தாள். பிறகு விரல்கள் கொத்தத் தொடங்கின. லைப்ரரியையே கூப்பிட்டு 'நீ எந்தப் பதிப்பு?' என்று கேட்கிற குட்டி நிரல் ஒன்று எழுதி ஓட்டினாள். திரையில் பதில் விழுந்தது.

1.9

"ஐயையோ" என்றாள் குருவி. "இது பழசு! குறிப்பு புதுசு, சரக்கு பழசு. அதான்! பழைய பதிப்பு மூணு எண்ணை வரிசையா வைக்கும். புதுசுல நாலு. நான் நாலாவதை வேகம்னு எடுக்கறேன், அங்கே வேற என்னமோ குப்பை இருக்கு. அதனாலதான் நிற்காம..."

அதற்கு மேல் சொல்ல முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். நீ போட்ட புதுசு எங்கே போச்சு?" என்றார் அத்தை.

தேடினாள். லைப்ரரிகள் இருக்கும் இடத்திலேயே, ஓர் ஓரமாக, புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் அவள் போட்ட புதுப் பதிப்பு பத்திரமாகக் கிடந்தது. ஃபோல்டருக்கு வைத்திருந்த பெயர்: பழசு.

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "அகப்பட்டான் திருடன்! புதுசை ஒளிச்சு வச்சுட்டுப் பழசைப் போட்டிருக்கான். பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"எனக்கு. அப்புறம் மேனேஜருக்கு."

மாப்பிள்ளை ஸ்பீக்கர் பட்டனை அழுத்தியே விட்டார். "மேனேஜர் சார்! இந்த வண்டியில என்ன பதிப்பு லைப்ரரி ஓடணும்?"

"ஒண்ணு புள்ளி பத்து" என்று வந்தது பதில், யோசிக்காமல். "அதைப் போடச் சொன்னதே நான்தானே. நானும் பத்து வருஷம் புரோகிராம் எழுதினவன்தான்யா. ஏன்?"

"சும்மா, பொழுது போகலை" என்று மாப்பிள்ளை பட்டனை விட்டார். "பார்த்தீங்களா அத்தை, என்ன நெஞ்சழுத்தம்!"

அத்தை கண்ணாடியில் தெரிந்த மேனேஜரையும் திரையில் தெரிந்த ஃபோல்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல வழியைத் திறம்மா" என்று மட்டும் சொன்னார்.

குருவி புதுப் பதிப்பை அதன் இடத்தில் திரும்ப வைத்தாள். கம்பைல். ஏற்றம். விளக்குகள் எரிந்தன. இந்தத் தடவை வண்டி ஒரு சாண் நகர்ந்தது. அதுவும் இவர்கள் பக்கமாக! மாப்பிள்ளை அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். வண்டி நின்று, மறுபடி செத்தது.

"இன்னும் ஏன்? எல்லாம் சரியாத்தானே வச்சேன்?" குருவி லேப்டாப்பை உடைத்துவிடுவாள் போலிருந்தது.

"நேத்து வச்ச சாதத்தைச் சூடு பண்ணிப் போடறியா, புதுசா உலை வச்சியா?" என்றார் அத்தை.

குருவி தலையில் அடித்துக்கொண்டாள். "மாறாத துண்டுகளைத் திரும்பக் கம்பைல் பண்ணாம, முன்னாடி செஞ்சு வச்சதையே எடுத்துக்குது. அதுங்களுக்கு இன்னும் பழைய லைப்ரரி ஞாபகம். மொத்தத்தையும் துடைச்சுட்டு முதல்லேர்ந்து செய்யணும். நேரமாகும் அம்மா."

"துடை."

துடைத்தாள். முதலிலிருந்து தொடங்கினாள். சதவீதம் ஆமை வேகத்தில் ஏறிற்று. அறைக்குள் காற்று கனத்துப் புழுங்கியது. மூன்று பேருடைய மூச்சும் ஒரே மூச்சாகிவிட்டது என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. வெளியே கிரேன் வந்துவிட்டது. அதன் உறுமல் சுவர் வழியே உள்ளே அதிர்ந்தது. மாப்பிள்ளை சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். பேச்சை நிறுத்தினால் கத்திவிடுவோம் என்று பயந்து, திரையை எட்டிப் பார்த்து எதையாவது பேசினார்.

"ஏம்மா, பழசு 1.9. புதுசு 1.10. முன்னேறாம இறங்கிட்டீங்களே? ஒண்ணேமுக்காலுக்கு மேலேர்ந்து ஒண்ணேகாலுக்குக் கீழ வந்துட்டீங்க பாருங்க. இதுக்குப் பேரு புதுசா?"

"அது தசமப் புள்ளி இல்லை சார். பத்தாவது பதிப்புன்னு..."

குருவி பாதியில் நிறுத்தினாள். விரல்களும் நின்றன. முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் எங்கே போனதோ தெரியவில்லை. மெல்ல, யாரும் பார்க்காததுபோல், அம்புக்குறியை அந்தக் காலி ஃபோல்டர் மேல் கொண்டுபோனாள். பழசு. அழிக்கவா என்று திரை கேட்டது.

"கையை எடும்மா" என்றார் அத்தை.

மாப்பிள்ளைக்கு வாய் பிளந்தது. அடிப்பாவி! இத்தனை நேரம் இவளுக்காகவா இந்த இரும்புப் பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்தோம்?

"நான்தான் அம்மா" என்றாள் குருவி. "நானே மாத்திட்டு மறந்துட்டேன். தூக்கக் கலக்கம். இன்ஸ்பெக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. நான் போறேன்."

"பொய் சொல்ல உனக்கு வரலை" என்று அத்தை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கெடுக்கணும்னு நினைச்சவன் அந்த லைப்ரரியை அழிச்சிருப்பான். இவன் அலுங்காமக் குலுங்காம எடுத்து, பேரு எழுதிப் பத்திரமா வச்சிருக்கான். தேவைப்பட்டாத் திரும்ப எடுத்துக்கலாம்னு. பழசுன்னு எழுதினவன் அதைப் பழசுன்னே நம்பினான். 1.9-ஐப் பெரிசுன்னு நினைச்சான். புரோகிராமர் யாரும் அப்படி நினைக்க மாட்டான். நீ நினைக்க மாட்டே. மேனேஜரும் தூக்கத்துல எழுப்பினாலும் ஒண்ணு புள்ளி பத்துன்னுதான் சொல்லுவார், கேட்டியே. ஆனா மத்த உலகம் பூரா எங்க மாப்பிள்ளை மாதிரிதான் படிக்கும்."

"இதுல நான் எங்கே வந்தேன்?" என்றார் மாப்பிள்ளை.

"அதுவும் நாள் முழுக்க அளவுகோலைக் கையில வச்சிருக்கறவன் கட்டாயம் அப்படித்தான் படிப்பான். ஒண்ணு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர். கடைசி சைபருக்கு அவன் கணக்குல மதிப்பு ஏது? அந்த ராத்திரி இந்த லேப்டாப் எங்கேம்மா இருந்தது?"

குருவி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வீட்டுல" என்றாள் கடைசியில். "பாஸ்வேர்ட் அவருக்கும் தெரியும். நான் போன்ல சொல்லச் சொல்ல அவர்தான் மெஷின்ல அடிப்பார். கேன்டீன்ல சண்டை இல்லை அம்மா. சீக்கிரம் வீட்டுக்கு வாயேன்னார். பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டாத்தான் இந்த வேலை முடியும், என்னை விடுங்கன்னு நான்தான் கத்தினேன். அப்புறம் உட்கார்ந்து, 1.9-ஐ எடுத்து ஓரமா வச்சுட்டு 1.10 போட்டும் முடிச்சேன். போட்டுட்டேன்னு அவர்கிட்ட சொல்லலை."

மாப்பிள்ளைக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"சொல்லிடாதீங்க அம்மா. அவரா கை வச்சார்னு தெரிஞ்சா கம்பெனி அவரை அப்படியே கைகழுவிடும். கால் போனவருக்கு வேலையும் போகணுமா? இந்தக் கதவு திறந்தா எனக்கு ஜெயில். வாயைத் திறந்தா அவர் தெருவுல. எந்தப் பக்கம் போகச் சொல்றீங்க?"

அத்தை அவள் தலையில் கையை வைத்தார். "அவர் ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கறார்? கோபம்னா நினைச்சே?"

குருவி பதில் சொல்வதற்குள் லேப்டாப் 'டிங்' என்றது. கம்பைல் முடிந்துவிட்டது.

மூன்று பேரும் அறைக் கோடியிலிருந்த தூணுக்குப் பின்னால் போனார்கள். மறுபடியும் தப்பாக இருந்தால் வண்டி எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்? குருவி கீபோர்டைத் தட்டினாள். விளக்குகள் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. வண்டி கதவை விட்டுப் பின்வாங்கி, சமர்த்தாகத் திரும்பி, தரையில் கிழித்திருந்த கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

கதவு திறந்தது. காற்று உள்ளே வந்தது. மாப்பிள்ளை அதை வாயால் குடித்தார்.

"வாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், குருவியைப் பார்த்து.

"ஒரே ஒரு போன் சார். நீங்களும் கேளுங்க" என்று அத்தை ஆஸ்பத்திரிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். குருவி தடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் சர்வேயரம்மா பேசறேன். இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருக்கார். உன் பெண்டாட்டி, லைப்ரரியை நான்தான் மாத்தினேன்னு ஒத்துக்கறா. கூட்டிட்டுப் போகப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். அந்த 1.10, அதை அவங்க எப்படிப் படிப்பாங்க தெரியுமா? ஒண்ணு புள்ளி பத்து. ஒன்பதுக்கு அடுத்தது."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சென்றது.

"அது... பத்தா?" என்றான் ஃபிட்டர். விபத்துக்கு அப்புறம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு... சார், அவளை விட்டுடுங்க. மாத்தினது நான், அவ வேலை சீக்கிரம் முடியட்டும்னு. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ மூஞ்சியில முழிக்க வெட்கமா இருந்தது, அதான் வாயைத் திறக்கலை."

"கம்பெனி லேப்டாப்ல கை வைக்க இவனுக்கு யாருய்யா..." என்று மேனேஜர் பாய்ந்தார்.

"உங்ககிட்டயும் வர்றேன்" என்றார் அத்தை, திரும்பாமலே. "புது நிரலை முதல் தடவை ஓட்டும்போது எதிர்ல ஆளை நிற்க வச்சது யாருன்னு எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

மேனேஜர் ஓர் அடி பின்வாங்கினார். இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, குருவிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

குருவி அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. போனை அத்தையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பக்கத்துலதானே இருந்தேன்!"

"கேட்கலாம்னுதான் வந்தேன்" என்றான் அவன். "நீ தூங்கிட்டு இருந்தே. எழுப்ப மனசு வரலை."